பன்னிரண்டு புள்ளி நான்கு

சாயங்காலத்துக்குள் பச்சை வந்தாக வேண்டும் என்று மேனேஜர் காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார்.

தரை துடைக்கும் திரவம். ஒரு குழந்தை தவறிப்போய் ஒரு வாய் குடித்துவிட்டால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரைக் கேட்பதுதான் எங்கள் பிழைப்பு. எலியும் வேண்டாம், முயலும் வேண்டாம். குழந்தையின் எடையைக் கட்டத்தில் போட்டால் போதும். பிழைக்குமென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

கையேட்டில் இருக்கும் எடை பதினைந்து கிலோ. எல்லோரும் அதைத்தான் போடுகிறோம். பக்கத்து மேசை அக்கா மட்டும் எப்போதும் பன்னிரண்டு புள்ளி நான்கு போடுவார்.

இன்றைக்கும் போட்டார். பதினைந்துக்குப் பச்சையாக வந்தது, அவர் போட்டதும் சிவப்பாகிவிட்டது. அவர் கையெழுத்து இல்லாமல் அறிக்கை வெளியே போகாது.

நான் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

கம்பெனிகள் மாதிரிக்கு அனுப்பியதில், பச்சை வாங்கிய பொருளின் மீதிப் பாட்டிலை யாராவது வீட்டுக்கு எடுத்துப்போவது எங்கள் வழக்கம். அக்கா அதையும் தொடமாட்டார். ரொம்பத்தான் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அவரை மடக்குவதற்காகவே பழைய கோப்புகளைக் குடைந்தேன். வசமாக ஒன்று சிக்கியது. ஐந்து வருடத்துக்கு முந்தையது. இதே மாதிரித் திரவம், எடை பதினைந்து, பச்சை, கீழே அக்காவின் கையெழுத்து.

கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அன்றைக்கு இனித்த பதினைந்து இன்றைக்கு ஏன் கசக்கிறது என்று கேட்டேன். பெரிய துப்பறியும் புலி என்று நினைப்பு எனக்கு.

அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அக்கா கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு என் பையன் பன்னெண்டு புள்ளி நாலுதான் இருந்தான்பா. அதுக்கப்புறம் அவன் வளரவே இல்ல."

என் நாக்கு அழுகிப் போயிருக்கலாம். கோப்பை மூடி எடுத்துக்கொண்டு ஓடிவிடப் பார்த்தேன்.

அக்கா விடவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தின் கடைசி வரிமேல் விரலை வைத்தார்.

மீதிப் பாட்டிலைப் பெற்றுக்கொண்டவர் என்று அச்சிட்டிருந்தது. அதற்கு எதிரேயும் அதே கையெழுத்து.