ஆறு டொலர் குழாய்

மகேசனுக்கு ஏர்னஸ்ட் கொடுக்க வேண்டியிருந்தது அறுபத்து நான்கு டொலர். குளிர்பானக் கம்பனி கழித்துவிட்ட இரண்டு கெக் என்ற இரும்புப் பீப்பாய்களுக்கும் ஒரு காஸ் சிலிண்டருக்குமான காசு. வீட்டில் காய்ச்சிய பியரை அந்தக் கெக்குகளில் அடைத்தாகிவிட்டது. இனி அதற்கு ஒரு குழாய் வேண்டும்.

கடன் கொடுத்த மகேசன்தான் தன் வான் வண்டியில் அவரை ஏற்றிவந்து, சான்ட்ரிங்ஹாமில் பியர் காய்ச்சும் சாமான் விற்கிற கடையில் இறக்கினார். கூடவே ஏர்னஸ்டின் மனைவி சறோஜாவும் இறங்கினார், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி.

கண்ணாடிப் பெட்டிக்குள் குரோம் பூசிய குழாய் ஒன்று மினுங்கியது. விலை ஐம்பத்தெட்டு. ஏர்னஸ்ட் அதை விட்டு நகரவில்லை.

"மகளின்ர இருபத்தோராவது பிறந்தநாள். ஒரு வடிவான குழாயா இருந்தால்..."

"ஒரு பின்னேரத்துப் பார்ட்டிக்குத்தானே. உங்கட பியரை ஆர் குடிக்கப்போகினம் எண்டு ஐம்பத்தெட்டு டொலர்?" என்றார் சறோஜா.

மகேசனுக்குச் சிரிப்பு வந்தது. "அப்பிடிக் கேளும், தங்கச்சி. போனமுறை குடிச்ச புளிப்பு இன்னும் என்ர நாக்கில நிக்குது."

கடைக்காரர் குனிந்து, கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்து வைத்தார். கெக்கிலிருந்து வரும் ஹோஸின் நுனியில் செருகினால் போதும். கட்டைவிரலால் அமத்தினால் வரும், விட்டால் நிற்கும். ஆறு டொலர்.

சறோஜா அதை வாங்கி இரண்டு தரம் அமத்திப் பார்த்தார். "இது காணும். ரெண்டு எடுப்பம்."

"ஏன் ரெண்டு?"

"ஆறு டொலர்ச் சாமான். வந்த சனத்துக்கு முன்னால உடைஞ்சால் என்ன செய்யிறது?"

ஹோஸையும் இரண்டு மடங்கு நீளத்துக்கு வெட்டச் சொன்னார். "ஹோஸும் உடையுமோ?" என்று மகேசன் கேட்டார்.

"கெக்கை உடுப்புத் தோய்க்கிற லோண்டரியில, ஐஸ் தொட்டிக்குள்ள வைக்கப்போறன். அங்கயிருந்து கராஜ் வரைக்கும் எட்ட வேணும். பூட்டுறதையும் நானே பூட்டுறன். இவர் பூட்டினால் வீடெல்லாம் வெள்ளம்."

வான் அவர்கள் வீடிருந்த மவுண்ட் ரோஸ்கில்லுக்குத் திரும்பும்போது மகேசனுக்கு ஒரு குறும்பு தோன்றியது.

"ஐசே, ஒரு பந்தயம். சனிக்கிழமை வாற சனம் போக முன்னம் ஒரு கெக் முடிஞ்சால், அறுபத்து நாலையும் மறந்திடுறன். முடியாட்டி வாற கிழமைச் சம்பளத்தில முழுசா வைக்க வேணும். ஊத்திக் கவிழ்க்கிறேல்லை. குடிச்சுத்தான் முடிய வேணும்."

"உங்கட வீட்டுச் சனமும் கணக்கோ?" என்று பின்னாலிருந்து சறோஜா கேட்டார்.

"எங்கட வீட்டில ஆர் இருக்கினம்? என்ர மனுசி லோஜனாவுக்கு பியர் மணமே ஆகாது. என்ர கிளாசைக் கூட்டுற தும்புத்தடியால தள்ளிவிடுற ஆள்."

வங்கி மோர்ட்கேஜ் வட்டியைக் கூட்டிய பிறகு, ஏர்னஸ்டின் சம்பளத்தில் மிஞ்சுவது பெற்றோல் காசுதான். ஆனாலும் காய்ச்சியவருக்கு ரோசம் வந்துவிட்டது. "ஓம்" என்றார். பின் சீற்றில் சறோஜா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வழக்கம்போல ஆண்கள் கராஜுக்குள்ளும் பெண்கள் குசினிக்குள்ளும் கூடினார்கள். ஏர்னஸ்ட் கறுப்புக் குழாயில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

மகேசன் வந்ததும் வராததுமாக ஒரு டியூட்டி ஃப்ரீ விஸ்கிப் போத்தலை மேசை நடுவில் வைத்தார். "பிறந்தநாளுக்கு என்ர பங்கு" என்றார், ஏர்னஸ்டைப் பாராமல்.

அதோடு பியரின் பாடு முடிந்தது. முகத்துக்காக ஆளுக்கு ஒரு கிளாஸ் வாங்கினார்கள். வந்தவர்களில் ஒருவரான சுந்தரமூர்த்தி, "பரவாயில்லை ஐசே, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய், பாதியை எலுமிச்சை மரத்தடியில் ஊற்றினார். பிறகு எல்லோரும் விஸ்கியைச் சுற்றி நின்றார்கள். ஏர்னஸ்ட் குழாயை ஓர் ஆணியில் கொழுவிவிட்டார்.

றோல்ஸ் பொரித்து அனுப்புவதாகச் சொன்ன பெண்கள் அதை மறந்தே போனார்கள். குசினியிலிருந்து சிரிப்புத்தான் வந்துகொண்டிருந்தது. ஆரோ பைலாவும் பாடத் தொடங்கியிருந்தார்கள்.

"அவையளுக்கென்ன, சந்தோசம்" என்றார் ஏர்னஸ்ட். அறுபத்து நான்கு டொலருக்கு எந்தச் செலவை நிறுத்துவது என்று அவர் மனம் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் சனம் சப்பாத்துத் தேடத் தொடங்கியதும் மகேசன் எழும்பினார். "வாரும் ஐசே, கெக்கைத் தூக்கிப் பாப்பம். அரைவாசியாவது குறைஞ்சிருக்கோ தெரியேல்லை."

குசினிக்கும் கராஜுக்கும் நடுவில் இருந்தது லோண்டரி. மகேசன் சட்டைக் கையை மடித்து, கெக்கின் இரண்டு பிடியையும் பற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்.

கெக் வெறும் பானைபோல மேலே வந்தது. இழுத்த வேகத்தில் மகேசன் பின்னால் சரிந்து, அழுக்கு உடுப்புக் கூடைக்குள் குந்தினார்.

"ஒழுகியிருக்கு. இது கணக்கில்லை" என்றார் கூடைக்குள் இருந்தபடியே. ஏர்னஸ்ட் நிலத்தைத் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

அப்போதுதான் ஹோஸ் நடுவில் வெட்டப்பட்டு, மூன்று வாயுள்ள மூட்டு ஒன்று போட்டிருப்பதை இருவரும் கண்டார்கள். ஒரு ஹோஸ் கராஜுக்குப் போனது. மற்றது குசினிக் கதவுக்குக் கீழால் நுழைந்திருந்தது.

கதவு திறந்தது. கையில் இரண்டாவது கறுப்புக் குழாய், மேலுதட்டில் வெள்ளை நுரை, லோஜனா நின்றார். கூடைக்குள் கிடந்த புருசனை அவர் கவனிக்கவே இல்லை.

"ஏர்னஸ்ட் அண்ணை, இதில வெறுங் காத்துத்தான் வருது. மற்றக் கெக்கைப் பூட்டிவிடுங்கோ."