முன்னால் என்ன நடந்தது?

“இருபத்தி மூணு தடவை, டாக்டரம்மா. ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்” என்று அப்பா நோட்டை மேஜைமேல் வைத்தார்.

குற்றவாளிக்கு எட்டு வயது. கால் தரையில் எட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் புயல். அவள் உடைத்ததை எல்லாம் உடையாமல் வைத்திருந்தால் ஒரு பாத்திரக்கடை போட்டு, பக்கத்துத் தெருவில் கிளையும் திறந்திருக்கலாம்.

இன்று மனநல டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால் போதும். அடங்காத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி, மூன்று வருஷம். அம்மா துணிமணிகூட எடுத்து வைத்துவிட்டாள்.

டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. கைக்கடிகாரத்தைப் பற்றிச் சுவர்க் கடிகாரத்திடம் விசாரிப்பார். பிறகு இரண்டையும் பற்றி வாசல் காவலாளியிடம் விசாரிப்பார். அவரிடம் பொய் சொல்லிச் சொல்லி அலுத்தே திருந்திய பிள்ளைகள் உண்டு.

இவள்மேல் சந்தேகம் ஒரு படி கூடுதல். நாலு முறை வந்தும் ஒரு பென்சில் முனையைக்கூட ஒடிக்கவில்லை.

நடிக்கிறாள், கழுதை.

நோட்டைப் புரட்டினார். தேதி, மணி, உடைந்த பொருள். கடைசிக் கட்டத்துக்கு அவரே போட்டுக் கொடுத்த தலைப்பு: ‘முன்னால் என்ன நடந்தது?’ பிள்ளைக்குப் பசியா, யாராவது திட்டினார்களா, தூக்கம் கெட்டதா? வைத்தியமே அந்தக் கட்டத்திலிருந்துதான் தொடங்கும்.

இருபத்து மூன்று இடத்திலும் அப்பா ஒரே சொல்லை எழுதியிருந்தார்: ‘ஒன்றுமில்லை.’

முத்து முத்தான கையெழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது.

கடைசி வரியில் டாக்டரம்மாவின் விரல் நின்றது. புதன்கிழமை, மாலை நாலரை, அலமாரிக் கண்ணாடி.

“புதன்கிழமை அலமாரிக் கண்ணாடிய உடைச்சது யாரு கண்ணு?”

“நான்தான்.”

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. சொல்லிவிட்டு அவள் அப்பாவைப் பார்த்தாள், சரியாகச் சொன்னோமா என்பதுபோல.

“பாத்தீங்களா? அவ வாயாலயே சொல்லிட்டா” என்றார் அப்பா.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்தப் புதன்கிழமை, அப்பாவிடம் சொல்லாமல், பள்ளியிலிருந்து அவளை நேராக இங்கே கூட்டி வந்தது அம்மாதான். மாலை நாலரைக்குப் புயல் இதே நாற்காலியில் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, டாக்டரம்மாவுக்காக ஒரு யானை வரைந்துகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா விடுதிப் படிவத்தை இழுப்பறைக்குள் தள்ளினார். புதிதாக ஒரு நோயாளிப் படிவம் எடுத்தார். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்க வயசு என்ன சார்?”