மருந்து

"கேஸ் நிக்கும்மா. அடிக்கிற ஆளுக்கே ஆபத்துன்னு அந்த மருந்தைக் கம்பெனிக்காரனே கடை கடையாத் திரும்ப வாங்கிக்கிட்டான்" என்றார் பாபநாசம் வக்கீல் யூனுஸ்.

அம்சம் தலையாட்டினாள். பண்ணையோடு மல்லுக்கட்டி, கழக ஆட்சியில் பட்டா வாங்கிய நிலம். முதல் நெல் வெள்ளாமையில் புகையான் பூச்சி விழுந்தது. அதற்கு மருந்து அடிக்கப் போன அவள் புருஷன் மருதையன் வரப்பிலேயே நுரை தள்ளிச் சாய்ந்தான். பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

"ஒரே ஒரு சிக்கல். உங்க வீட்டுக்காரர் மருந்தைக் குடிச்சுட்டாருங்கிறான் கம்பெனி வக்கீல்."

"அடிச்சாருங்க. குடிக்கலை."

"எனக்குத் தெரியுதும்மா. ஆனா கூட வந்த ஆளே அப்படிச் சொன்னதா டாக்டர் சாட்சி சொல்றாரு. எவனோ கம்பெனிக்கு விலை போயிருக்கான். அவனைக் கூண்டுல ஏத்தி ரெண்டு கேள்வி கேட்டாப் போதும், உளறிடுவான். கூடப் போனது யாரு?"

"நான்தாங்க."

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாச்சுன்னு டாக்டர் கேட்டாரு. எனக்குப் பேச்சே வரலை. 'மருந்து'ன்னு மட்டும் சொன்னேன். 'வீட்ல சண்டையா'ன்னாரு. காலையில கஞ்சிக்கு உப்பு இல்லைன்னு ஒரு சண்டை. ஆமான்னேன்."

அம்சம் வக்கீலை ஏறிட்டுப் பார்த்தாள்.

"அதை ஏன் கேட்டாருன்னு இப்பதாங்க புரியுது."