லென்சுக்குள் ஒரு தூசி

கல்யாணங்களில் படம் எடுக்கும் பரிதியின் லென்சுக்குள் ஒரு தூசி குடியிருந்தது. லென்சுக்கு அது பெரிய மானப் பிரச்சினை.

"உன்னால்தான் என் படமெல்லாம் கெட்டுப்போகிறது," என்றது லென்ஸ்.

"எந்தப் படத்தில் நான் தெரிகிறேன், காட்டு பார்க்கலாம்," என்றது தூசி. "போன கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பாதித் தலைதான் விழுந்தது. மீதியை வெட்டியது நானா?"

லென்ஸ் பேச்சை மாற்றியது. "உள்ளே நீ இருப்பது தெரிந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?"

"டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரிவேன். கல்யாணத்துக்கு எவன் டார்ச் கொண்டுவருகிறான்?"

பரிதி கொண்டுவந்திருந்தான். முகூர்த்தத்துக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது லென்சைக் கழற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு டார்ச் அடித்தான். தூசி தெரிந்தது. துடைத்தான், ஊதினான், மறுபடி டார்ச் அடித்தான். வெளியே துடைத்தால் உள்ளே இருப்பது எப்படிப் போகும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. "இன்னும் நன்றாகத் துடை," என்று லென்ஸ் முனகிக்கொண்டே இருந்தது.

கெட்டிமேளம் முழங்கி அடங்கியது. பரிதி நிமிர்ந்தபோது எல்லோர் கையிலும் அட்சதை தீர்ந்திருந்தது.

மேடைக்கு ஓடினான். "சார், கட்டுற மாதிரி இன்னொரு தடவை கையை வைங்க."

மாப்பிள்ளை, கட்டிய தாலியைப் பிடித்துக்கொண்டு அசடு வழியச் சிரித்தார். பரிதி படம் எடுத்தான்.

"பார்த்தாயா," என்றது லென்ஸ் பெருமையாக. "படத்தில் ஒரு தூசி இல்லை."

"ஆமாம்," என்றது உள்ளேயே இருந்த தூசி. "முகூர்த்தமும் இல்லை."