அத்தான் வந்தாச்சு

சோப்பு அடுக்குக்குப் பூட்டு வைத்த கண்ணாடிக் கதவு மாட்டிக்கொண்டிருக்கிறார் கடைக்காரர். கடைத்திருட்டுக்கு இனி ஜெயில் கிடையாது, அபராதம்தான் என்று வானொலி சொல்கிறது. சாயங்கால வெயில் கண்ணாடியில் பட்டுக் கண் கூசுகிறது. "அத்தான் வந்தாச்சு," என்கிறாள் கல்லாவிலிருந்து மனைவி. சந்தேகப்படும்படி யாராவது நுழைந்தால் கல்யாணமான புதிதிலிருந்து அதுதான் அவர்களுடைய ரகசிய வார்த்தை. அந்தக் காலத்து அத்தான்கள், இவர் திரும்பிப் பார்த்தாலே வெலவெலத்து, சட்டைக்குள் செருகியதை எடுத்து வைத்துவிட்டு, மரியாதைக்கு ஒரு தீப்பெட்டியாவது வாங்கிக்கொண்டு போவார்கள். இன்றைய அத்தான் எண்ணெய் பாட்டில்களை நெஞ்சோடு அணைத்தபடி, காசு கொடுக்காமல் கல்லாவைத் தாண்டி வந்து நின்று, இவரையே பார்க்கிறான். "பை ஒண்ணு குடுங்களேன்." கடைக்காரரின் கை, பழக்கதோஷத்தில், பையை உதறி விரித்து நீட்டுகிறது. "போயிட்டு வாங்க," என்று வாயும் சொல்லித் தொலைக்கிறது.