எடு, விடு

ஓர் எக்செல் தாளில் ஒரு சூத்திரம் குடியிருந்தது. கடன் கம்மியாகவும் பங்கு விலை மலிவாகவும் உள்ள கம்பெனிக்கு "எடு" என்னும், மற்றதற்கெல்லாம் "விடு". முதலாளியிடம் பேச அதற்கு வாய்த்த சொற்கள் அந்த இரண்டும்தான்.

மைத்துனர் பேச்சைக் கேட்டு முதலாளி வாங்கிப்போட்ட கம்பெனி நானூற்றுப் பதினேழாம் வரிசையில் இருந்தது. அதற்குத் தினமும் "விடு"தான்.

ஒருநாள் காலை அந்த வரிசை, தேறியவர்கள் பட்டியலில் வந்து உட்கார்ந்திருந்தது.

"கழுத்துவரைக்கும் கடன் உனக்கு. எப்படி உள்ளே வந்தாய்?" என்று சீறியது சூத்திரம்.

"நான் அப்படியேதான் இருக்கிறேன். உனக்குள் எழுதியிருந்த கடன் வரம்பைத்தான் முதலாளி நேற்று ஏற்றிவிட்டார்."

சூத்திரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்குள் முதலாளி வந்து பார்த்தார்; உடனே மனைவியைக் கூப்பிட்டார்.

"சுமதி, இங்கே வா! சூத்திரமே சொல்லிவிட்டது. வீட்டை அடகு வைத்தாவது இன்னும் வாங்கிவிடலாம்."

வேண்டாம் என்று கத்தத்தான் சூத்திரம் வாயைத் திறந்தது. "எடு" என்றுதான் வந்தது.