வேண்டாம் என்கிற பக்கம்

கொங்கிறீட் போடத் தொடங்கினால் இடையில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த இடத்தில் கோடு விழும். மாரி வந்ததும் கோட்டால் தண்ணீர் இறங்கும்.

அதனால் மகள் மேடை ஏறுகிற நேரத்திலும் நான் ஏணியின் நடுவில்தான் நின்றேன்.

கீழே இருந்து கலவைத் தாச்சி வரும். வாங்கி மேலே கொடுக்க வேண்டும். வாங்கு, கொடு. அவ்வளவுதான் வேலை.

பள்ளிக்கூடத்தின் புது ஆய்வுகூடத்துக்கு மேல்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு வேப்பமரத்துக்கு அங்கால் மண்டபம். அதற்குள் பாடசாலைகளுக்கு இடையிலான விவாதப் போட்டி. வெளியிலும் ஒரு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள்.

நாட்டில் பொறியியல் பீடங்களை இன்னும் கூட்ட வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் தலைப்பு. யாருக்கு எந்தப் பக்கம் என்று காலையில் சீட்டு எடுத்துத்தான் சொல்வார்கள்.

மகள் கம்சாயினி உயர்தரத்தில் கணிதம் படிக்கிறாள். எஞ்சினியராக வேண்டும் என்பதை விட்டால் அவளுக்கு வேறு கதை இல்லை. பீடம் கூடினால் இடம் கூடும், தனக்கும் ஒன்று கிடைக்கும் என்பாள். வேண்டும் என்கிற பக்கம் தனக்கு விழ வேண்டும் என்று மண்டூர் முருகனுக்கு நேர்த்தியும் வைத்திருந்தாள்.

வேண்டாம் என்கிற பக்கம் விழுந்திருக்கிறது. ஒலிபெருக்கியில் அறிவித்தபோதுதான் எனக்குத் தெரியும்.

முதலில் பேசியது வேறு பள்ளிக்கூடத்துப் பையன். மாவட்டத்துக்கு ஒரு பீடம் வேண்டும் என்றான்.

"சொன்னான் பாரு!" எனக்குக் கீழே நின்ற உதயரூபன் தாச்சியைத் தூக்கிக்கொண்டே கத்தினான். "மாவட்டத்துக்கு ஒண்டு காணாது. ஊருக்கு ஒண்டு திறக்கோணும். நமக்கும் சாகும்வரைக்கும் வேல."

கலவை மெசினடியில் நின்ற மஜீட் காக்கா சிரித்தார்.

பிறகு அவளுடைய குரல். பாதியை மெசின் விழுங்கியது.

கட்டடம் எழும்பும், படிப்பிக்க ஆள் எங்கே என்று கேட்டாள். வாவிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆய்வுகூடம், கட்டி முடித்த நாளில் போட்ட பூட்டு இன்னும் திறக்கவில்லை என்றாள்.

"யார்ர புள்ள கா இது?" என்றான் உதயரூபன். "காருல வந்து இறங்கிற வீட்டுப் புள்ளையாக்கும். தனக்கு இடம் உறுதி எண்டாப் போதும், மத்தப் புள்ளையள் தாச்சி தூக்கட்டுமாம்."

ஏணி முழுக்கச் சிரிப்பு. நான் தாச்சியை மேலே கொடுத்தேன். வேலை செய்கிற இடத்தில் வீட்டுக் கதை எடுத்து எனக்குப் பழக்கமில்லை.

மஜீட் காக்கா கலவையைக் கவிழ்த்தார். கவிழ்க்கிற அந்தக் கொஞ்ச நேரம் மெசின் சத்தம் தணியும்.

அந்த இடைவெளியில் ஒரு வரி தெளிவாக வந்தது.

"படித்த பிள்ளை பிளேன் ஏறிவிடும். படிப்பித்த வீட்டில் பின்னேரத் தேத்தண்ணிக்கு ஒரு கோப்பைதான் கழுவக் கிடக்கும்."

மண்டபத்தில் கைதட்டினார்கள். எங்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

"என்ட ஊட்டயும் அதான் நிலம," என்றார் மஜீட் காக்கா. அவருடைய மகன் கட்டார் நாட்டில்.

"தாச்சி! தாச்சி!" மேலே இருந்து மேசன் கத்தினார். "அண்ண, நித்திரையா?"

தாச்சி என் கையிலேயே நின்றது. கீழே இரண்டு பேர் பாரத்தோடு காத்திருந்தார்கள்.

கொடுத்தேன். கோடு விழவில்லை.

மேல்தட்டு மூடி முடிய, தண்ணிக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டையோடு அவள் வந்தாள். உதயரூபன் என்னையும் அவளையும் பார்த்தான். பிறகு கழுவின தாச்சியையே திரும்பக் கழுவினான்.

"வெண்டுட்டம் அப்பா. கேட்டதா?"

"பாதிய மெசின் திண்டுட்டு."

"உங்கட கோப்பைக் கதைக்குத்தான் கூடக் கைதட்டு."

வீட்டில் நானும் அவளும்தான். பேசிப் பழக எதிராளி வேண்டும் என்று ஒவ்வொரு பின்னேரமும் என்னை முன்னால் இருத்துவாள். அவள் வேண்டும் என்பாள். நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வாயில் வந்ததைச் சொல்வேன். பூட்டிக் கிடக்கிற ஆய்வுகூடம் நான் கல் சுமந்தது.

கோப்பையும் அப்படி ஒரு பின்னேரம் வந்ததுதான்.

அவள் குழாயைத் திருகி மூடினாள்.

"அது நீங்க சும்மா வாதத்துக்குச் சொன்னதுதானே அப்பா?"

"ஓம். வேற என்னத்துக்கு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டினாள்.

"மாகாணப் போட்டிக்கும் இதே தலைப்பாம். இண்டைக்கே தொடங்குவம். நீங்க வேண்டாம் பக்கம்தானே?"

"இல்ல மனே. இனி நான் வேணும் பக்கம். நீ எதிர்த்துப் பேசு."

"வேணும் எண்டு பேச உங்களுக்கு என்ன தெரியும்?"

ஒன்றும் தெரியாது. எங்கள் ஊர் பெரியகல்லாறு வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு யோசித்தேன். ஒரு வரியும் வரவில்லை.

வீட்டுக்குப் போய் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினேன். ஒன்றை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, வேண்டும் என்று தொடங்கினேன்.